ஹட்டனிலிருந்து ஜப்பானுக்கு இன்டர்ன்ஷிப்: நம் பிள்ளைகளைத் தயார்படுத்துவது எப்படி

வெளிநாட்டுக்கு இன்டர்ன்ஷிப் போகும் பிள்ளைகளுக்கு நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒவ்வொருவராக எழுப்பி, "உங்க அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று மட்டும் கேட்பேன். அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் குரல் அந்த இடத்தில் இறங்கிவிடும். "கம்பனியில வேலை", "சும்மா வீட்டுலதான்", "பிரைவேட்டா செய்றாங்க டீச்சர்" என்று ஏதோ ஒன்று வரும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார் என்று சொல்ல வாய் வராது.

இந்த இடத்திலிருந்துதான் தயாரிப்பைத் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விசா, டிக்கட், ஜாக்கெட் எல்லாம் அப்புறம். ஏனென்றால் போய் இறங்கியதும் கூட வேலை செய்கிறவர்கள் முதலில் கேட்பது ஊரையும் வீட்டையும்தான். அதற்கு வாய் திறக்க முடியாத பிள்ளை பேச்சைச் சுருக்கிக்கொள்ளும், பேச்சு சுருங்கினால் லீவு நாளில் "வா, போகலாம்" என்று கூப்பிட ஆள் இருக்காது, கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அறைக்குள் போனும் கையுமாகக் கிடந்துவிட்டு ஒரு வருடம் கழித்துத் திரும்பி வரும்.

எனக்கு நடந்ததும் இதுதான். ஹோட்டல் துறை படித்துக்கொண்டிருந்தபோது 22 வயதில் ஷிசுவோக்கா பக்கம் ஒரு வெந்நீரூற்று விடுதிக்கு இன்டர்ன்ஷிப் போனேன். முதல் மூன்று மாதம் அம்மா "கம்பனியில்" வேலை செய்தார். லீவு நாளெல்லாம் படுக்கையில் போனது. ஷிசுவோக்கா என்றால் ஜப்பானில் தேயிலைக்குப் பேர் போன இடம், அது எனக்குப் போகும்போது தெரியவே தெரியாது. விடுதியை நடத்தும் பெண்ணை அங்கே ஓகாமி என்று அழைப்பார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் ஓகாமி எங்களைத் தன் உறவினரின் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அவர்களுடைய பழைய நாட்காட்டியில் வசந்தம் தொடங்கி 88ஆவது நாளை ஒட்டிப் பறிக்கும் புதுத் தேயிலைக்குத் தனி மதிப்பு. போய்ப் பார்த்தால் நம் மலை மாதிரியே இல்லை. செடிகளை வரிசை வரிசையாக, மேல்பக்கம் உருண்டையாக வெட்டி விட்டிருந்தார்கள். நடுவே கம்பங்களில் காற்றாடிகள், பனி விழுந்து கொழுந்து கருகாமல் இருக்க. ஒரு வரிசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று மெஷினைப் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் பை நிறைகிறது.

ஒரு மூலையை மட்டும் கையால் பறிக்க விட்டிருந்தார்கள். நான் சும்மாதான் போய் நின்றேன். கை தானாகப் போய்விட்டது. பாடசாலை லீவில் அம்மாவுக்குக் கூட நின்று எடுத்த கைதானே. ஓகாமி என் உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு "இஷ்ஷின் நியோ" என்றார். ஒரு மொட்டு, இரண்டு இலை. நம் கங்காணிமார் மலையில் சத்தம் போட்டுச் சொல்கிற அதே கணக்கு! அப்போதுதான் சொன்னேன், என் அம்மா தினமும் இதைத்தான் செய்கிறார் என்று. எத்தனை கிலோ, கூடையை எப்படிக் கட்டுவார்கள், மழையில் என்ன போர்த்துவார்கள், அட்டைக்கு என்ன பூசுவார்கள் என்று இரவுச் சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு என் லீவு நாள் ஒன்றுகூட அறையில் கழியவில்லை.

அதனால் டீச்சர்மாரும், ஏற்கெனவே போய் வந்த அண்ணன்மார் அக்காமாரும் பிள்ளைகளுக்கு முதலில் ஊரைச் சொல்லப் பழக்குங்கள். நான் செய்வது இது. பன்னிரண்டு படம் எடுத்துக் கடதாசியில் பிரின்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். போனில் இருக்கும் படத்தை ஒருவர்தான் பார்க்கலாம், மேசையில் பரப்பிய படத்தைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். நாம் குடியிருக்கும் லயம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், மாரியம்மன் கோவில், தேயிலை அரைக்கும் ஸ்டோர், அம்மா கூடையோடு நிற்பது, பீலியில் தண்ணீர் விழுவது, அடுப்பில் ரொட்டி, தப்படிப்பவர், காமன் கூத்தில் வேஷம் கட்டியவர், இப்படி. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வசனம், முதலில் தமிழில், பிறகு அந்த நாட்டு மொழியில். லயக்காம்பறாப் படத்தை வைக்கலாமா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலும் கடைசி வாரத்தில் அவர்களாகவே கொண்டுவந்து வைப்பார்கள்.

வரலாறும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். "நீ இந்தியாவா, இலங்கையா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதிலும் பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்றும் கடவுச்சீட்டில் இலங்கையர் என்றும் இருப்பதைப் பார்த்து ஒரு அலுவலரே குழம்பலாம். 1823 முதல் தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தார்கள், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நம் தாத்தா பாட்டிமார் நாடற்றவர்களானார்கள், பல பத்தாண்டுகள் கழித்துத்தான் எல்லாருக்கும் குடியுரிமை வந்தது, 2023இல் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். இந்த ஐந்து விஷயமும் போதும். அழுது சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

மொழி

ஜப்பான் மொழி கஷ்டம் என்று பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலிஷ் வழியாகப் படித்தவர்கள். தமிழ் வழியாகப் படித்துப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். வினைச்சொல் கடைசியில் வரும், நம் வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும், கேள்விக்கு வசனத்தின் முடிவில் "கா" சேர்த்தால் சரி, நாம் "வந்தானா" என்று ஆ சேர்ப்பது போல. இன்னும் பாருங்கள். "தபெத்தெ மிரு" என்றால் சொல்லுக்குச் சொல் "சாப்பிட்டுப் பார்" என்பதேதான். "கத்தெ ஒக்கு" என்றால் "வாங்கி வை". கொரெ, சொரெ, அரெ, டொரெ என்று நான்கு உண்டு: கொரெ இது, அரெ அது, டொரெ எது. நடுவில் இருக்கும் சொரெ, கேட்பவர் பக்கத்தில் இருப்பதை யாழ்ப்பாணத்தார் சொல்கிற "உது". யாழ்ப்பாணத்து டீச்சரிடம் படித்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு உண்டென்றே வாதிட்டவர். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கோ இல்லையோ, வகுப்பில் இந்த ஒற்றுமை நமக்குப் பெரிய உதவி.

ஜப்பான் மொழியின் இரண்டு எழுத்து வரிசைகளில் ஹிரகனா 46, கத்தகானா 46 எழுத்து. தமிழின் 247ஐப் படித்த பிள்ளைக்கு இது ஒரு மாத வேலை. கஞ்சியைத்தான், அதாவது அந்தச் சீன எழுத்துகளைத்தான், வருடக் கணக்கில் படிக்க வேண்டும். ஆனால் நான் எழுத்துக்கு முன்னாலேயே இரண்டு வசனத்தை வாயில் ஏற்றிவிடுவேன். "வகரிமசென்" என்றால் விளங்கவில்லை. "மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸ்" என்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்த இரண்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பெரியவர் ஏதாவது சொன்னால் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவார்கள். அதுவும் நம் "சரி" தலையாட்டல் பக்கவாட்டில் ஆடுமே, அது அங்கே "இல்லை" மாதிரி தெரியும்! ஜப்பானிய வேலைத்தலங்களில் ஹோரென்சோ என்று ஒரு வழக்கம் உண்டு: செய்ததை அறிவி, நடப்பதைச் சொல், சந்தேகத்தைக் கேள். கேட்காமல் பிழையாகச் செய்வதுதான் அங்கே பெரிய குற்றம். அதனால் வகுப்பில் வேண்டுமென்றே வேகமாக, அரைகுறையாக ஒரு வேலை சொல்லுங்கள். மூன்று தடவை திருப்பிக் கேட்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள். தலையாட்டிவிட்டுப் போகிறதைத் திரும்பக் கூப்பிட்டு, என்ன சொன்னேன் என்று கேளுங்கள். இதை நான் பத்து வாரம் விடாமல் செய்கிறேன்.

பத்திரங்கள்

ஒரு வருடம் முன்னாலேயே தொடங்குங்கள். மலையகத்தில் இழுபடுவது விசாவை விடப் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் அம்மா லெட்சுமி, அடையாள அட்டையில் லச்சுமி, விவாகப் பதிவில் லெச்சுமி. இங்கிலிஷுக்கு மாற்றும்போது இன்னும் ஒரு எழுத்து மாறும். திருத்துவதென்றால் பிரதேச செயலகத்துக்கு நாலைந்து தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும். அதனால் முதல் வாரத்திலேயே எல்லாப் பத்திரத்தையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே போடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்கே போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. படம் எடுப்பதற்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

பெயரில் இன்னொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவத்தில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர்தான் போகும். ஜப்பானில் குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆக ஒரு வருடம் முழுக்க நம் பிள்ளையை அப்பா பெயரில் "முருகையா சான்" என்று கூப்பிடுவார்கள். முன்னாலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் கூப்பிடக் கூப்பிட பிள்ளை திரும்பிப் பார்க்காது. என் அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது அப்போது. நாளுக்கு முப்பது தடவை அவர் பெயரைக் கேட்பது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் வேறு வேறு கதவுகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பின் பகுதியாகச் சம்பளத்துடன் போவது ஒன்று. அதற்கு ஒரு தடவையில் 1 வருடம்தான் எல்லை, படிப்புக் காலத்தின் பாதியைத் தாண்டவும் கூடாது. 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் வேறு. அதை நீக்கிவிட்டு 2027இல் புதிய முறை ஒன்றைக் கொண்டுவர ஜப்பான் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அதனால் பழைய தகவலை வைத்துப் பேசுகிற ஏஜென்டிடம் கவனம். எந்தக் கதவு என்று எழுத்தில் கேளுங்கள். வேலைக்கு அனுப்புவதாகச் சொல்கிற எந்த ஏஜென்சிக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். "முதல்ல விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து ஒருவரிடம் கொடுத்தது. பையன் சுற்றுலா விசாவில் போய் இரண்டு மாதத்தில் திரும்பினான், நகை திரும்பவில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரில் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டதை செய்தியில் பார்த்திருப்பீர்கள். கூச்சப்படாமல் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுப்பது இதற்காகவும்தான்.

இறங்கிய பிறகு: நரிட்டா போன்ற பெரிய விமான நிலையங்களில் வதிவிட அட்டையைக் கையில் தருவார்கள். குடியேறிய 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேர்ந்தால் மருத்துவச் செலவில் பொதுவாக 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து போகும், ஆகவே காய்ச்சலை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். பொலிஸுக்கு 110, அம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நில அதிர்வு வந்தால் ஓடாமல் மேசைக்குக் கீழே தலையை மறைக்க வேண்டும், இதை வகுப்பில் செய்தே காட்டுங்கள்.

ஊரோடு சேர்வது

இந்தப் பகுதியைத்தான் பலர் "அதெல்லாம் போனா தானா வரும்" என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வராது. போகும் ஊரில் என்ன விழா, எந்த மாதம் என்று பிள்ளையையே தேடி ஒரு நாட்காட்டி எழுதச் சொல்லுங்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் சகுரா என்கிற செர்ரிப் பூக்காலம், ஜூலை 7இல் தனபாத்தா என்கிற நட்சத்திர விழா, பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஓபோன். ஓபோனுக்கு இறந்துபோன முன்னோர் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை, விளக்கு வைத்து வரவேற்பார்கள், ஊர் கூடி வட்டமாக ஆடுவார்கள். ஆடி அமாவாசை விரதம் பார்த்த பிள்ளைக்கு அது புதிதாகவே இருக்காது. அந்த ஆட்டத்தில் தெரியாதவர்களும் சேரலாம், முன்னால் ஆடுகிறவரின் கையைப் பார்த்து ஆடினால் போதும். மிக்கோஷி என்று சாமியைத் தோளில் தூக்கி வரும் விழாவும் உண்டு. தோள் கொடுக்க ஆள் தேடுகிற ஊர்கள் பல இருக்கின்றன, நம் தோட்டத்தில் சப்பறம் தூக்கிய பையன்கள் "நானும் வரலாமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். பென்சைத்தென் என்ற தெய்வத்தைப் பார்த்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள், அது நம் சரஸ்வதி, புத்த மதத்தோடு அங்கே போனவள். கையில் வீணை மாதிரி ஒரு வாத்தியம் இருக்கும்.

வெந்நீர்க் குளியல் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம். ஆண்கள் பெண்கள் தனித்தனி என்றாலும் உள்ளே உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். பீலிக்கரையில் பாவாடையைக் கட்டிக்கொண்டு குளித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயம். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், சின்னத் துவாயைத் தண்ணீரில் போடக் கூடாது. விருப்பமில்லாவிட்டால் போக வேண்டியதில்லை. தனியாக வாடகைக்கு எடுக்கும் குளியலறையும் பல விடுதிகளில் உண்டு. நான் ஐந்து மாதம் கழித்துத்தான் போனேன். போன பிறகு, அதுவும் பனி விழும் ஜனவரியில், வாரா வாரம் போனேன்.

சாப்பாட்டில் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். சைவம் மட்டும் என்றால் கஷ்டம், சூப்பில் எல்லாம் மீன் சாறு இருக்கும். கியூநிக்கு என்றால் மாட்டிறைச்சி, அங்கே கறிக் குழம்புக் கட்டியில்கூட மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சாப்பிடும் முன் "இத்தாதாக்கிமாஸ்", முடிந்ததும் "கொச்சிசோசமா". குச்சியைச் சோற்றில் நட்டு வைக்கக் கூடாது, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது, இரண்டும் அவர்களின் மரணச் சடங்கோடு சேர்ந்தவை. டிப்ஸ் கொடுக்கிற பழக்கம் இல்லை. கையால் சாப்பிடுவதற்கு வெட்கப்பட வேண்டாம், சுஷியை அவர்களும் கையால் எடுப்பார்கள். ஒரு லீவு நாளில் விடுதிச் சமையலறையில் கேட்டுக்கொண்டு ரொட்டி தட்டி, உறைய வைத்த தேங்காய் வாங்கிச் சம்பல் அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் கொடுத்த அன்று ஓகாமி தண்ணீர் குடித்துக் குடித்து மூன்று ரொட்டி சாப்பிட்டார்.

பெட்டி

ஜாக்கெட்டைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவர்கள் சமாளித்துவிடுவார்கள், வேண்டியதை அங்கே பழைய துணிக் கடையில் மலிவாக வாங்கலாம். என் பிள்ளைகளைப் படுத்தியது ஜூலை, ஆகஸ்ட் வெயில். 35 பாகையைத் தாண்டும், புழுக்கம் வேறு. பருத்திச் சட்டை இரண்டு கூட வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சூடோஎஃபெட்ரின் உள்ள சில சளி மாத்திரைகளுக்கும் தடை, ஆகவே கடை மாத்திரைகளைக் கொட்டி நிரப்பாதீர்கள். மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னச் சின்னப் பொதிகளாகத் தேயிலை வையுங்கள், முடிந்தால் சொந்தத் தோட்டத்து ஸ்டோரில் அரைத்தது. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பாலும் சீனியும் போட்டுக் குடிப்பதை அங்கேயே ஊற்றிக் காட்டட்டும்.

கடைசியாக, வீட்டோடு பேசும் நேரத்தை விமானம் ஏறும் முன்னே தீர்மானித்துவிடுங்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால். நம் பிள்ளைக்கு மதிய ஓய்வு வரும்போது அம்மா மலையில் நிற்பார், போன் பையில் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க முடியாது, இரண்டு பக்கமும் மனம் சங்கடப்படும். பல தோட்டங்களில் சிக்னலும் கோவில் மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை ஐந்து மணி என்று வைத்திருந்தோம், அங்கே இரவு எட்டரை. அம்மா குளித்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, நாலரைக்கே கோவில் மேட்டுக்குப் போய்விடுவாராம்.